லாரல் கலந்த பன்னீர்

“நான்தான் அளவைத் தப்பாப் போட்டுட்டேன்னு சொல்லு. அழுதாலும் நல்லதுதான். பொம்பளை அழுதா பொம்பளை மன்னிச்சிடுவா லா,” என்றான் புனிதன், ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்காமல்.

ரோகினிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வண்டி ரெம்பாவ் ஊரைத் தாண்டி, அவர்கள் மன்னிப்புக் கேட்கப் போகிற வீடு இருக்கும் செம்பனைத் தோட்டத்துக்குள் திரும்பியிருந்தது. கதவைத் திறந்து குதித்துவிடலாமா என்றுகூட ஒரு கணம் நினைத்தாள்.

சிரம்பான் பக்கம் மம்பாவில் புனிதன் நடத்தும் வாசனைத் தொழிற்சாலையில் பன்னிரண்டு வருடமாகக் கலவை போடுகிறவள் அவள். போர்டில் அவன் பெயர். புட்டிக்குள் இருப்பதெல்லாம் அவள் உழைப்பு. லாரல் எண்ணெயை அங்கே கொண்டுவந்ததும் அவள்தான். துருக்கியிலிருந்து வருகிற சரக்கு. பிரியாணியில் போடுகிற பிரிஞ்சி இலைக்குத் தூரத்துச் சொந்தம், ஆனால் குணம் வேறு. மூடியைத் திறந்ததும் கற்பூரம்போலச் சுள்ளென்று ஏறும், பிறகு கிராம்பு, அப்புறம் கசக்கின பச்சை இலை. அதை வெட்டிவேரோடும் எலுமிச்சையோடும் சேர்த்துக் கல்யாணப் பன்னீருக்கென்று ஒரு வாசனை செய்துகொண்டிருந்தாள். இன்னும் ஒரு வாரம் வேண்டும் என்று படித்துப் படித்துச் சொன்னாள். எண்ணெய் தண்ணீரில் தானாகக் கரையாது, அதற்குத் தனியாக மருந்து சேர்க்க வேண்டும். லாரல் வேறு தோலுக்குப் பொல்லாதது. துளிக்கு மேல் ஆகாது.

யார் கேட்டார்கள்? ஞாயிற்றுக்கிழமை ரெம்பாவ் மண்டபத்தில் ஒரு கல்யாணம். வாசலில் பன்னீர் தெளிப்பதை வீடியோ எடுத்து விளம்பரம் போட அவனுக்கு அவசரம். வெள்ளிக்கிழமை அவள் வீட்டுக்குப் போன பிறகு, ஐந்து லிட்டர் பன்னீர் டின்னில் எண்ணெயை அவனே கவிழ்த்துக் குலுக்கியிருக்கிறான். வெள்ளையாகக் கலங்கியதாம், கலந்துவிட்டது என்று நினைத்தானாம். பெரிய மேதாவி! இரண்டு நாளில் எண்ணெய் முழுக்க மேலே வந்து நின்றுவிட்டது. டின்னைச் சாய்த்ததும் முதல் சொம்பில் விழுந்தது பன்னீரா? அத்தனையும் எண்ணெய். மாப்பிள்ளை வீட்டார் வாசலுக்கு வந்து நின்றார்கள். பெண் வீட்டுப் பிள்ளைகள் ஆசையாகச் சொம்பை உதறித் தெளித்தார்கள். முன்னால் நின்ற மாப்பிள்ளையின் அம்மா மங்கம்மாவின் கண்ணிலேயே போய் விழுந்தது.

“செய்யாத தப்பை நான் ஒத்துக்க மாட்டேன் பாஸ்.”

“அப்ப நாளைக்கு வேலைக்கு வராத. சிரம்பான்ல வேற எவனும் உன்னை எடுக்கவும் மாட்டான். கண்ணக் கெடுத்தவ இவதான்னு நானே எல்லாருக்கும் சொல்வேன்.”

கேட்டீர்களா அநியாயத்தை!

மங்கம்மா வீட்டு முன்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். இடது கண்ணில் கட்டு. கன்னம் தோலுரிந்து சிவந்து கிடந்தது. பார்வை வருமா வராதா என்பதை இரண்டு வாரம் கழித்துத்தான் சொல்ல முடியும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

புனிதன் பழக்கூடையை அவள் காலடியில் வைத்தான். “மன்னிச்சிடுங்க அக்கா. வேலைக்காரி பண்ணின தப்பு. ரோகினி, சொல்லு.”

“சொல்றேன்,” என்றாள் ரோகினி. அவள் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. “என் கை படவே இல்லக்கா அதுல! இன்னும் ஒரு வாரம் வேணும், இப்ப வேணாம்னு தலபாடா அடிச்சுக்கிட்டேன். இந்த ஆளு எனக்குத் தெரியாம ஊத்திக் குலுக்கிக் கொண்டாந்தாரு. இப்ப பழியத் தூக்கி என் தலையில கட்டப் பாக்கறாரு. வர்ற வழியெல்லாம் அழு, அழுன்னு பாடம் வேற! மூஞ்சியப் பாருங்க, ஒரு சொட்டு வெக்கம் இருக்கான்னு!”

புனிதன் முகம் கறுத்தது. “நாளையிலேருந்து அந்தப் பக்கமே வராத,” என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனான். போகட்டும், சனியன். ரோகினிக்கு நெஞ்சுப் பாரம் இறங்கியிருந்தது. மங்கம்மா தன் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்வாள் என்று நினைத்தாள்.

மங்கம்மா ஒற்றைக் கண்ணால் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அன்னிக்கு மண்டபத்துல நீ இருந்தியாம்மா?”

“இருந்தேங்க்கா. உள்ள மேசையில புட்டி அடுக்கிக்கிட்டு இருந்தேன்.”

“டின்னத் தொறந்தப்ப உனக்கு வாசம் வரலையா? உன் தொழிலே மோந்து பாக்கறதுதானே?”

வந்தது. கற்பூரக் காரம், பச்சையாக, மண்டபத்துக்குள் வரைக்கும் வந்தது. அளவு மீறிவிட்டது என்று அந்த நிமிடமே தெரிந்துவிட்டது. வாசலை நோக்கி இரண்டு எட்டு வைத்தாள். கையில் போனோடு நின்ற புனிதன் ஒரு முறை முறைத்தான். வேலை போய்விடும் என்று பயந்தாள். ஒரு தெளிப்புதானே, என்ன ஆகிவிடும் என்று மேசைக்கே திரும்பிவிட்டாள்.

“வந்துச்சுக்கா.”

மங்கம்மா கோபப்படவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

“இன்னிக்கு இவ்ளோ சத்தமா கத்தறியே,” என்றாள். “இதுல பாதிய அன்னிக்குக் கத்தியிருந்தா நான் நகர்ந்து நின்னிருப்பேனே.”