ரன் அக்கா ஓடிய ஓட்டம்

‘ரன்’ என்கிற ஆங்கில வினைச்சொல்லை அகராதி ஆசிரியர் அவள் தலையில் கட்டியபோது, அது பெட்டிப் பாம்பாக அடங்கிக் கிடக்கும் என்றுதான் நினைத்தாள். ஆங்கிலத்தில் மூன்றே எழுத்து, என்ன செய்துவிடும்? அது செய்யாத வேலையே இல்லை. தண்ணீர் ஓடினால் ரன், மெஷின் ஓடினால் ரன், கடை நடத்தினால் ரன், சாயம் போனால் ரன். தேர்தலில் நின்றால்கூட ரன். நிற்பதையே ஓட்டம் என்று சொல்கிற மொழியோடு எப்படிக் குடித்தனம் நடத்துவது? அகராதி அலுவலகத்தில் எல்லோரும் அவளை ‘ரன் அக்கா’ என்றே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள்.

அந்த அலுவலகத்தில் ஒரு கறாரான வழக்கம் உண்டு. யாரும் தன் தலையிலிருந்து அர்த்தம் எழுதக் கூடாது. எங்காவது படித்த வாக்கியம், அல்லது கண்ணால் கண்ட சங்கதி, ஒரு துண்டுச் சீட்டில் ஏற வேண்டும். கீழே சாட்சியின் கையெழுத்து, அதற்கும் கீழே ஆசிரியரின் கையெழுத்து. சாட்சி இல்லாத சீட்டை ஆசிரியர் ஏறெடுத்தும் பார்க்க மாட்டார். எதைக் கொண்டுபோய்க் கொடுத்தாலும் வெட்டுவார் என்பதால் அவருக்குக் ‘கத்தரி’ என்று பெயர். அவர் காதுபட யாரும் சொல்வதில்லை, அவ்வளவுதான்.

“இந்த ஒரு சொல்லை ஒழுங்கா முடிச்சுக் காட்டும்மா. அடுத்த தொகுதிக்கு நீதான் ஆசிரியர். சொதப்பினா பழையபடி பிழை திருத்துற மேஜைதான்” என்று கத்தரி சொல்லியிருந்தார். அந்த நாற்காலி அவளுக்கு வேண்டும். வெட்கத்தை விட்டுச் சொன்னால், வெறியாகவே வேண்டும். அடுத்தவர் எழுதியதற்குப் புள்ளி வைத்தே பாதி ஆயுசு போய்விட்டது.

அதனால் வீட்டிலும் வேட்டைதான். மகளுடைய ஆங்கிலக் கதைப் புத்தகத்தில் ஒரு கரடிக்கு மூக்கு ‘ரன்’ ஆனபோது, “ஏங்க, கரடிக்கு மூக்கு ஒழுகுதுங்க!” என்று துள்ளிக் குதித்தாள்.

“உன் பொண்ணுக்கும்தான் ஒழுகுது. முதல்ல அதைத் துடை” என்றான் கணவன். அவள் சீட்டை எழுதி முடித்துவிட்டுத்தான் துடைத்தாள்.

ஒருவழியாக அன்று காலையில் பக்கங்கள் அச்சகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. அலுவலகத்தில் கேக் வெட்டினார்கள். பக்கத்து மேஜைக்காரர், எல்லோருக்கும் அவர் மீசைதான், நாற்காலி மேல் ஏறி நின்று ரன்னின் அர்த்தங்களை ஒவ்வொன்றாக முழங்கினார். ஒவ்வொன்றுக்கும் கைதட்டல். கரடி மூக்குக்கு விசில்கூட அடித்தார்கள். கத்தரியே சிரித்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

ஜன்னல் பக்கம் திரும்பினாள். கீழே ஒரு குண்டு மனிதர் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்தார்.

“என்னமா ஓடுறாரு பாருங்க!” என்றாள். சொன்ன வாய் மூடவில்லை, சட்டென்று திரும்பினாள். “மீசை, கால்ல ஓடுறது எத்தனாவதா இருக்கு?”

“முதல்லயே இருக்கும்” என்று பக்கத்தைப் புரட்டினார் மீசை. “இருக்கணுமே…” கடைசிவரை பார்த்தார். நாற்காலியிலிருந்து இறங்கிவிட்டார்.

இல்லை. சாயம் போகும் துணியும் ஒழுகும் மூக்கும் இருந்தன. மனுஷன் காலால் ஓடுவது மட்டும் இல்லை. அதைப் போய் யார் சீட்டில் எழுதுவார்கள்? விசித்திரமானதைத்தான் எல்லோரும் தேடிப் பிடித்தார்கள், சாதாரணமானதை வேறு யாராவது எழுதியிருப்பார்கள் என்று அவளும் சும்மா இருந்துவிட்டாள். கத்தரியோ இருப்பதை வெட்டுகிறவர். இல்லாததை அவர் எங்கே பார்ப்பார்?

அச்சகத்துக்குப் போன் போட்டார்கள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மெஷின் ஓடுகிற இடத்தில் இடி விழுந்தாலே கேட்காது, போன் மணி எம்மாத்திரம்? தெருவில் வண்டிகள் நகராமல் நின்றன.

அவள் படியிறங்கி ஓடினாள். பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு ஓடியதே கிடையாது. நிற்கிற வண்டிகளுக்கு நடுவே புகுந்து, பழ வண்டிக்காரரிடம் திட்டு வாங்கி, ஒரு செருப்பைத் திருப்பத்தில் விட்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடினாள். ஊர் சிரிக்கப்போகிறது, நாற்காலி போச்சு என்று மனசு ஒருபக்கம் அழுதது. கால்களோ, உள்ளதைச் சொன்னால், சந்தோஷமாகவே ஓடின.

அச்சகத்தில் அவள் கத்தியது அவள் காதிலேயே விழவில்லை. இரண்டு கையையும் தூக்கி ஆட்டினாள். மெஷின்காரர் பதறிப்போய்ச் சிவப்புப் பொத்தானை அமுக்கினார்.

“ஓடுறது… விட்டுப்போச்சு!”

“ஐயையோ, யாருக்கா ஓடிப்போனது?”

அவள் பக்கத்தைக் காட்டி விளக்கி முடிப்பதற்குள் அவருக்கே வேர்த்துவிட்டது. “இப்பத்தான் சோதனைக்குப் பத்துத் தாள் போட்டிருக்கோம். புது அச்சு பிளேட் போட்டுடலாம். உங்க ஆசிரியர் எழுதிக் கொடுக்கணும்.”

அந்த ஆசிரியர் அப்போதுதான் வாசலில் தெரிந்தார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. வந்த வேகத்தில் காகிதக் கட்டின் மேல் சாய்ந்து உட்கார்ந்தார்.

“என் தப்புதான் சார்” என்றாள்.

கத்தரி கையை மட்டும் அசைத்தார். மூச்சு வந்ததும் பையிலிருந்து ஒரு வெற்றுச் சீட்டை எடுத்தார். “எழுது. கால்களால் விரைந்து செல். உதாரணம்?”

அவள் யோசிக்கவே இல்லை. “அவள் அச்சகத்துக்கு ஓடினாள்.”

“சாட்சி?”

“நான் பார்த்தேன் சார்” என்று மை படிந்த கையைத் தூக்கினார் மெஷின்காரர்.

“நீ கடைசியில வந்து நின்னதைப் பார்த்தே. முழுசாப் பார்த்தது நான்தான். பின்னாடியே வந்தேனே” என்று கத்தரி சாட்சிக் கோட்டில் கையெழுத்துப் போட்டார். பிறகு பேனாவை அவளிடம் நீட்டினார். “ஆசிரியர் இடத்துல நீ போடு.”

“சார்… இவ்வளவு பெரிய ஓட்டைய விட்டுட்டு…”

“விட்டது நானும்தான். கண்டுபிடிச்சது நீ. வேற யாரு இப்படி விழுந்தடிச்சு ஓடி வருவா? போடும்மா, மெஷின் காத்துக்கிட்டிருக்கு.”

கண்ணீர் சீட்டில் விழாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஆசிரியர் என்ற இடத்தில் முதல்முறையாகத் தன் பெயரை எழுதினாள். எழுதிவிட்டு வாக்கியத்தை மறுபடி படித்தாள். ‘அவள் ஓடினாள்’ என்பதை அடித்துவிட்டு ‘அவர்கள் ஓடினார்கள்’ என்று மாற்றினாள்.

“நீங்களும்தானே சார் ஓடினீங்க.”

கத்தரி சீட்டை வாங்கி மேலும் கீழும் பார்த்தார். அதை அவர் வெட்டவில்லை.