ஆம்புரோஸின் கிண்ணம்

கிளெமென்ட் வாசலில் வந்து நின்றதைப் பார்த்ததுமே மூக்கைப் பொத்திக்கொண்டேன். கோட்டில் பாச்சை உருண்டை நாற்றம். வெள்ளைக்காரர்கள் எங்கள் பிள்ளைகளை அடைத்துவைத்த விடுதிப் பள்ளியில் வார்டனாக இருந்த ஆள்.

நவம்பரில் எங்கள் ஒடாவா பழங்குடி வீடுகளில் செத்தவர்களுக்குப் படையல் உண்டு. கதவைத் திறந்து வைப்போம். வருகிறவர் வாய் வழியாகத்தான் செத்தவர்கள் சாப்பிடுவார்கள். யாரையும் திருப்பி அனுப்பக் கூடாது.

விர்ஜில் மாமா சமைப்பது அவர் தம்பி ஆம்புரோஸுக்காக. தாய்மொழியில் பேசினான் என்று பட்டினி போட்டே அந்தப் பையனை விடுதியில் சாகடித்தார்கள். அதே விடுதியில் இருந்த மாமா பாதி ஆயுளைக் குடித்தே தீர்த்தார். இப்போது அவரைப் போலவே குடியை விட்டவர்கள் வாராவாரம் இதே அறையில் கூடி, மனம் விட்டு அழுவார்கள். அவர்களும் அன்று பந்தியில் இருந்தார்கள்.

"மாமா, கழுத்தப் புடிச்சு வெளிய தள்ளவா?"

"வாயை மூடுடி. பசியோட வந்திருக்கான்."

தம்பிக்கென்று வைத்திருந்த கிண்ணத்திலேயே சோளச் சூப்பை ஊற்றி, கிளெமென்ட் முன்னால் வைத்தார். அந்த ஆள் உதடு சப்பி உறிஞ்சினான். தாடையில் வழிந்ததைப் புறங்கையால் துடைத்துக்கொண்டான். சீ!

"பிரமாதம்! நீங்கல்லாம் அப்பவே நல்ல பசங்கப்பா."

"ஆம்புரோஸுக்காகத்தான் சாப்பிடுறீங்க. அவன நெனச்சுக்கிட்டே சாப்பிடுங்க," என்றார் மாமா.

"ஆம்புரோஸா? யாரு அது? எத்தன பசங்க வந்தாங்க, போனாங்க!"

பந்தியில் இருந்தவர்கள் கரண்டியைக் கீழே வைத்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மாமா கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். வேறொரு தட்டில் மான்கறியும் ரொட்டியும் வைத்து அவனிடம் தள்ளினார்.

"இது உங்க பசிக்கு. சாப்பிட்டுட்டுக் கெளம்புங்க. அவன் பேரே தெரியாத வாயால அவனுக்குச் சோறு போய்ச் சேராது."

பிறகு அந்தக் கிண்ணத்திலிருந்தே ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்தார்.

"ஐயோ மாமா, அந்தாளு எச்சி!"

"என் தம்பி சோறுடி. கீழ கொட்டச் சொல்றியா?"

அருவருப்பில் எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. மாமா வழித்து வழித்துத் தின்றார். தின்று முடித்ததும் கிண்ணத்தை என்னிடம் நீட்டினார்.

"இன்னும் ஊத்துடி. சின்னப் பையன், பசி தாங்க மாட்டான்."