காப்பியில் விட்ட எண்ணெய்

வெர்னா அந்தச் சின்ன பாட்டிலை மாவு டப்பாவுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தாள். காலையில் குளியலறையில் அப்பா முகம் மழிக்கும் சத்தம் கேட்டதும் அதை எடுப்பாள். அவருடைய கோப்பையில் சில சொட்டுகள் விட்டு, எண்ணெய் மேலே மிதப்பது தெரியாதபடி க்ரீமைத் தாராளமாக ஊற்றிக் கலக்குவாள்.

"இந்தக் காப்பி என்னமோ வைக்கோல் மாதிரி மணக்குதே" என்று முதல் நாள் ஹாலிஸ் முகத்தைச் சுளித்தார்.

"வேற கம்பெனி தூள்ப்பா. பழகிடும்."

அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. மகள் பொய் சொல்வாள் என்று சந்தேகப்படும் பழக்கம் அவருக்கு இல்லை.

ஹாலிஸ் பிராக்கெட்டுக்கு எண்பது தாண்டிவிட்டது. கென்டக்கியில் அந்த வட்டாரத்து ஆட்கள் எல்லோரையும் போல ஆயுள் முழுக்கப் புகையிலை பயிரிட்டவர். குனிந்து நிமிர்ந்தே முழங்கால் இரண்டும் தேய்ந்துபோயின. இதயத் துடிப்பு சீராக இல்லாததால், ரத்தம் உறைந்து கட்டிவிடாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிட்டு வந்தார். அது இருப்பதால் வழக்கமான வலி மாத்திரைகள் ஆகாது என்று டாக்டர்கள் தடுத்துவிட்டார்கள். அம்மா இறந்த பிறகு அவரோடு வந்து தங்கிய வெர்னா, நாற்காலியிலிருந்து எழும்போதெல்லாம் அவர் பல்லைக் கடிப்பதைப் பார்க்கச் சகிக்காமல்தான், கஞ்சா இனத்துச் செடியான ஹெம்பிலிருந்து எடுக்கும் எண்ணெய் வாங்கப் போனாள்.

சொல்லிவிட்டே கொடுத்திருக்கலாம். ஆனால் அப்பாவிடம் அந்தப் பேரை எடுக்கவே முடியாது. பக்கத்துப் பண்ணை லோவல் மேபெரி புகையிலையை விட்டு ஹெம்புக்கு மாறிய வருஷம், சர்ச் சபையில் டீக்கன் பொறுப்பில் இருந்த ஹாலிஸ் ஆராதனை நடுவில் எழுந்து நின்றார். "நம்ம பிள்ளைங்க பஸ்ல போற வழியிலேயே ஒருத்தர் கஞ்சா வளர்க்கறாரு. அந்தக் காசு நம்ம காணிக்கைத் தட்டுல விழ வேண்டாம்" என்றார். லோவலும் அவர் மனைவி நெட்டியும் மூன்றாவது வரிசையில்தான் உட்கார்ந்திருந்தார்கள். "ஒரே இனம்தான், இல்லேங்கல. ஆனா போதை ஏத்தற சத்து இதுல பேருக்குத்தான் இருக்கு. அதிகமாச்சுன்னா கவர்மென்ட்லயே பயிரை அழிக்கச் சொல்லிடுவாங்க" என்று லோவல் விளக்கப் பார்த்தார். யாரும் காது கொடுக்கவில்லை. அதோடு மேபெரி குடும்பம் சபைக்கு வருவதை நிறுத்திக்கொண்டது.

அதனால் வெர்னா தெரிந்த முகம் எதுவும் எதிர்ப்படாத லெக்சிங்டன் வரை காரோட்டிப் போனாள். கடையில் இருந்த பெண் பொறுமையாகவே சொன்னாள்: "இது ஹெம்ப்லேருந்து எடுக்கற சிபிடி எண்ணெய்ங்க. கஞ்சா மாதிரி தலைக்கு ஏறாது. இது எல்லா வியாதியையும் தீர்த்துடும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. சிலருக்கு வலி தணியுது, சிலருக்கு ஒரு வித்தியாசமும் தெரியறதில்ல. யாருக்கு வாங்கறீங்க? வேற மாத்திரை ஏதாவது உண்டா, முக்கியமா ரத்தம் கட்டாம இருக்கறதுக்கு? அப்படின்னா டாக்டர்கிட்ட கேட்காம தரக்கூடாது."

"எனக்குத்தான். மாத்திரையெல்லாம் ஒண்ணும் கிடையாது" என்றாள் வெர்னா.

ஏன் அப்படிச் சொன்னாள் என்பதற்குப் பெரிய காரணம் எதுவும் இல்லை. டீக்கன் பிராக்கெட்டின் மகள் அந்தக் கடையில் நிற்பதே கூச்சமாக இருந்தது. சீக்கிரம் வெளியே வந்தால் போதும் என்றிருந்தது.

சில வாரங்களில் ஹாலிஸ் தபால் பெட்டி வரை தானே நடந்து போய் வந்தார். பாட்டுக்கூட முணுமுணுத்தார். வெர்னாவுக்கு உள்ளூரப் பெருமை. முழங்கையில் ஊதா நிறத்தில் ஒரு கன்றல் தெரிந்தபோது, கதவில் இடித்துக்கொண்டிருப்பார் என்று விட்டுவிட்டாள். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாட்டுக்கு நடுவில் அவர் மூக்கிலிருந்து ரத்தம் வழிய ஆரம்பித்தது. கைக்குட்டை நனைந்தது, போதகரின் துண்டு நனைந்தது. நிற்கவே இல்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் பெனட் என்ற இளம்பெண் மூக்கை அடைத்து, மருந்தேற்றி, ரத்தப் பரிசோதனைத் தாளோடு வந்தாள். "ரத்தம் தண்ணி மாதிரி ஆகியிருக்கு, மிஸ்டர் பிராக்கெட். மாத்திரை அளவு மாறல, சாப்பாடும் மாறலங்கறீங்க. வேற எதாவது எடுத்துக்கிட்டீங்களா? மூலிகை, சத்து மாத்திரை, எதுவானாலும்?"

"இல்ல" என்றார் ஹாலிஸ்.

டாக்டர் வெர்னாவைப் பார்த்தாள். "இல்லீங்க" என்றாள் வெர்னாவும். அவளுடைய நாக்கு அவளைக் கேட்காமலே பேசியது போலிருந்தது.

கட்டிலருகில் நின்ற அவள் தம்பி ட்வைட்டுக்கு முகம் சிவந்துவிட்டது. "அப்ப மருந்துக்கடைலதான் தப்பு நடந்திருக்கு" என்று அங்கேயே போனை எடுத்தான். "பெவர்லி! மாத்திரைய மாத்திக் குடுத்திருக்க! எங்கப்பா இங்க சாகக் கிடக்கறாரு. நீயெல்லாம் கடை நடத்தறதுக்கு..."

பெவர்லி அந்த ஊரில் நெடுங்காலமாக மருந்து கொடுப்பவள். அம்மாவின் கடைசி நாட்களில் மருந்தை வீட்டுக்கே கொண்டுவந்து தந்தவள். "நானே பார்த்துப் பார்த்துத்தானே ட்வைட் போட்டேன்" என்று அவள் அழுவது அறை முழுக்கக் கேட்டது. வெர்னாவுக்கு அந்தத் தரை பிளந்து தன்னை விழுங்கிவிடாதா என்றிருந்தது. டாக்டர் வெளியே போனதும் பின்னாலேயே ஓடினாள்.

தாழ்வாரத்தில் எல்லாவற்றையும் சொன்னாள், கடையில் சொன்ன பொய் உட்பட. டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று தோன்றியது.

"கல்லீரல் அந்த மாத்திரை, எண்ணெய் ரெண்டையும் ஒரே வழியாத்தான் கரைக்குது. அந்த எண்ணெய் வழிய மறிச்சுட்டா மாத்திரை ரத்தத்துலயே தேங்கிடும்" என்றாள் டாக்டர். "ஆனா நீங்க விட்டது சில சொட்டு. அதுக்கு ரத்தம் இவ்வளவு நீர்த்துப் போகாது. எதுக்கும் அவர்கிட்டயே கேட்போம், வாங்க."

அப்பாவின் முன்னால், ட்வைட்டின் முன்னால், மறுபடியும் சொல்ல வேண்டியிருந்தது. வெர்னா கட்டில் கம்பியைப் பார்த்தபடியே சொல்லி முடித்தாள்.

ட்வைட் வாயைப் பிளந்தான். "அக்கா, நீயா?"

ஹாலிஸ் காது மடல் வரை சிவந்திருந்தார். பிறகு, மூக்கில் பஞ்சு அடைத்த குரலில், "என் டிரக் சீட்டுக்கு அடியில ஒரு டப்பா கிடக்கும்" என்றார்.

"என்ன டப்பா?"

"கரடி மாதிரி செஞ்ச மிட்டாய். அதுவும் அந்தச் சரக்குதான். அடுத்த மாவட்டத்துப் பெட்ரோல் பங்க்ல விக்கறான்."

"எத்தனை சாப்பிடுவீங்க?" என்று கேட்டாள் டாக்டர்.

"வலிக்கறப்பல்லாம்."

ட்வைட்டுக்குச் சிரிப்பு பீறிட்டது. வேறு யாரும் சிரிக்காததைப் பார்த்து அடக்கிக்கொண்டான்.

"டாக்டர் கேட்டப்ப ஏம்ப்பா சொல்லல?" என்றாள் வெர்னா.

"நீ ஏன் சொல்லல?"

ஹாலிஸ் கையை நீட்டி ட்வைட்டின் போனை வாங்கி மருந்துக்கடைக்கு அழைத்தார். "பெவர்லி, உன் மேல ஒரு தப்பும் இல்லம்மா. தப்பெல்லாம் எங்க வீட்டுலதான்" என்றார்.

வீடு திரும்பிய மறுநாள் அவரே அடுப்படிக்கு வந்து காப்பி போட்டுக்கொண்டார். வெர்னா கை கட்டி ஓரமாக நின்றாள். அவர் கோப்பையை அவள் பக்கம் போகாமல் உடம்போடு அணைத்து எடுத்துப் போனதைப் பார்த்துக் குறுகிப்போனாள்.

எண்ணெய் நின்றது, மிட்டாய் நின்றது, வலி பழையபடி வந்துவிட்டது. முழங்கால் ஒத்துழைத்த ஒரு மத்தியானம், "லோவல் வீட்டுக்கு வண்டிய எடு" என்றார்.

லோவல் பழைய புகையிலைக் கொட்டகையில், அறுத்த ஹெம்ப் செடிகளை உலர்த்துவதற்காகத் தலைகீழாகத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தார். ஏணியிலிருந்து இறங்கவில்லை.

"என்ன ஹாலிஸ், போலீஸக் கூட்டிட்டு வந்திருக்கியா?"

ஹாலிஸ் தொப்பியைக் கழற்றினார். மூக்கில் ரத்தம் வந்ததிலிருந்து கரடி மிட்டாய் வரை சொன்னார். மிட்டாய் என்றதும் லோவல் இறங்கியே வந்துவிட்டார்.

"பெட்ரோல் பங்க்லயா வாங்கின? அதுல என்ன கலந்திருக்குன்னு செஞ்சவனுக்கே தெரியாதேய்யா! வேலிக்கு இந்தப் பக்கம் நான் பரிசோதனை பண்ணிப் பண்ணி விளைவிக்கறேன். நீ என்னைக் கஞ்சாக்காரன்னுட்டு, ஊர் தாண்டிப் போய்க் கரடி தின்னிருக்க."

"நெட்டி அடக்கத்துக்கு நான் வரல" என்றார் ஹாலிஸ்.

லோவலின் முகம் மாறியது. "நீ மட்டுமா? படுத்த படுக்கையா கிடந்தப்ப தினம் கேப்பா, சபையிலேருந்து யாராச்சும் வந்தாங்களான்னு. நீ தூங்கினப்ப வந்துட்டுப் போனாங்கன்னு சொல்வேன்."

கொட்டகையில் காற்று நுழைந்து செடிகள் சரசரத்தன.

"என்னை மன்னிச்சிரு, லோவல்."

"அன்னைக்கு ஊரே பார்க்க எழுந்து நின்னு சொன்ன. இன்னைக்குக் கொட்டகைல மறைவா வந்து சொல்ற. நீ டிரக் சீட்டுக்கு அடியில வெச்சுத் தின்ன மாதிரிதான் இதுவும்." அவர் மறுபடி ஏணியில் ஏறிவிட்டார்.

அடுத்த ஞாயிறு ஹாலிஸ் ஆராதனை நடுவில் எழுந்தார். முழங்கால் மடங்கியது, வெர்னா அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டு கூடவே நின்றாள். லோவலையும் நெட்டியையும் பற்றித் தான் பேசியது தப்பு என்றார். தெரியாத விஷயத்தைத் தெரிந்த மாதிரி பேசியதாகவும், பிறகு அதையே திருட்டுத்தனமாகத் தின்று ஆஸ்பத்திரிக்குப் போனதாகவும் சொன்னார். "அப்பாவுக்குத் தெரியாம நானும் கொடுத்தேன். டாக்டர் கேட்டப்ப மறைச்சேன்" என்று வெர்னாவும் சொன்னாள். முன்வரிசையில் பெவர்லி இருந்தாள். வெர்னாவால் அந்தப் பக்கம் பார்க்க முடியவில்லை.

ஆராதனை முடிந்ததும் வாசலில் வெர்னாவை ஒவ்வொருவராக ஓரங்கட்டினார்கள். பாடகர் குழுப் பெண்மணி காதோடு காதாக, தூக்கத்துக்குத் தானும் அந்த எண்ணெயைத்தான் விட்டுக்கொள்வதாகச் சொன்னாள். "என் ரத்த அழுத்த மாத்திரையோட ஒண்ணும் ஆகாதில்ல?" போதகரின் மைத்துனர் முதுகு வலிக்குத் தடவும் களிம்பைப் பற்றிக் கேட்டார். யாருமே குரலை உயர்த்தவில்லை.

"எனக்குத் தெரியாது. டாக்டர்கிட்ட மறைக்காம கேளுங்க" என்று அவள் எல்லோருக்கும் அதையே சொன்னாள்.

ஹாலிஸ் படிக்கட்டில் தனியாக நின்று, மேபெரி பண்ணைப் பக்கமிருந்து வரும் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். யாராவது லோவலிடம் போய்ச் சொல்லியிருப்பார்கள் என்று அவருக்கு எண்ணம். கார்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பிப் போயின. லோவலின் வண்டி வரவில்லை.

"போலாமாப்பா?" என்றாள் வெர்னா.

"இன்னும் கொஞ்ச நேரம் பார்ப்போம்" என்றார் அவர்.