மேவிஸுக்கு ஓர் ஈரப்பெட்டி

நோலினுக்குப் பாம்பென்றால் பயமில்லை, ஆசையும் இல்லை. அண்ணன் டெஸ்ஸுக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் இழுத்துக்கொண்டபோது, கோணிய வாயோடு அவன் முதலில் விசாரித்தது மேவிஸைத்தான். தண்ணீர்க் கிண்ணம் காய்ந்திருக்கும், போய்ப் பார் என்றான். போய்ப் பார்த்தாள். பிறகு பார்த்துக்கொண்டே இருக்கும்படி ஆயிற்று. பாம்பு வளர்க்க உரிமத்துக்கு விண்ணப்பித்து வாங்கினாள். கண்ணாடிக் கூண்டை லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து, சோபாவைக் கொட்டகைக்குத் தள்ளிவிட்டு தன் வீட்டு முன்னறையில் வைத்தாள். ஃப்ரீசரில் பட்டாணிப் பைக்குப் பக்கத்தில் உறைந்த எலிகள் அடுக்கப்பட்டன.

மேவிஸ் கறுப்பும் மஞ்சளுமாய் ஓர் ஆள் நீளத்துக்கு மேலே இருக்கும் மலைப்பாம்பு. அதன் இனம் குயின்ஸ்லாந்து மழைக்காட்டைச் சேர்ந்தது. அவர்கள் வாழ்ந்த வறண்ட ஊரான புரோக்கன் ஹில்லில் மழை என்பது வானொலியில் கேட்கும் செய்தி. ஆனாலும் டெஸ்ஸின் வீட்டில் அது பதினோரு வருஷம் குறையில்லாமல் வாழ்ந்தது. சட்டை உரித்தால் காலுறையைக் கழற்றிப் போட்டதுபோல முழுசாக உரிக்கும். டெஸ் அந்தச் சட்டைகளைச் சமையலறைச் சுவரில் ஆணியடித்துத் தொங்கவிட்டிருந்தான்.

நோலினிடம் வந்த பிறகு உரித்த முதல் சட்டை கந்தலாக வந்தது. அடுத்தது அதைவிட மோசம். வயிற்றில் திட்டுத் திட்டாய்ப் பழைய தோல் ஒட்டியிருந்தது. அதைக்கூடச் சமாளிக்கலாம், கண்தான் சிக்கல். பாம்புக்கு இமை கிடையாது, கண்ணை மூடிய ஒரு செதில் உண்டு. சட்டையோடு அதுவும் கழன்று வர வேண்டும். வரவில்லை. வலது கண் பழைய பிளாஸ்டிக் போல மங்கிச் சுருங்கிக் கிடந்தது. குறடு வைத்துப் பிடுங்கினால் கண்ணே போய்விடும், அடுத்த உரிப்பு வரை பொறுத்துப் பார்க்கலாம் என்றார் கால்நடை மருத்துவர். அப்போதும் வராவிட்டால்? உள்ளே சீழ் பிடிக்கலாம் என்று சொல்லிவிட்டு அடுத்த நாயைக் கூப்பிட்டார்.

நோலின் தன்னால் ஆனதைச் செய்தாள். மோட்டல் சலவை அறையில் காலை முழுக்கப் படுக்கை விரிப்புகளோடு மல்லுக்கட்டிவிட்டு, வீங்கிய காலோடு வீட்டுக்கு வந்து, தண்ணீர்ப் புட்டியால் கூண்டுக்குள் தெளிப்பாள். தேநீர் ஆறுவதற்குள் கண்ணாடி காய்ந்துவிடும். ஒரு தரம் தொட்டியில் வெதுவெதுப்பான நீர் விட்டு ஊறவைத்தாள். மேவிஸ் அவள் கைமேல் கழிந்துவிட்டு, அன்றைக்கெல்லாம் சீறிக்கொண்டே இருந்தது.

பராமரிப்பு இல்லத்தில் கிடந்த டெஸ்ஸிடம் போனில் எடுத்த படத்தைக் காட்டினாள். அவன் நல்ல கையால் அதை முகத்தருகே கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தான். பேச்சு மெதுவாக வந்தாலும் தெளிவாகவே வந்தது.

"பதினோரு வருஷம். ஒரு கீறல் உண்டா? உன்கிட்ட அஞ்சு மாசம்."

"நீ எழுதிக் குடுத்தபடிதானே பண்றேன், டெஸ். அதே எலி, அதே விளக்கு, அதே சூடு."

"செடியே உன் கையில பொழைக்காது நோலி. பாம்பைக் குடுத்தேன் பாரு, என்னைச் சொல்லணும்."

மறுபடி பேசியபோது முடிவே சொல்லிவிட்டான். டப்போ ஊரில் லயால் என்று ஒரு பழைய சிநேகிதன். அவனும் பாம்பு வளர்ப்பவன். மாதக் கடைசியில் இந்தப் பக்கம் வருவான், மேவிஸை அவனே எடுத்துப் போகட்டும், குருடாவதற்குள்.

நோலின் காருக்குள் வந்து உட்கார்ந்தாள். சாவியைத் திருகத் தோன்றவில்லை. பாம்பு போகிறது என்று சந்தோஷப்பட வேண்டியவள்தான். எத்தனை நாள் அந்தக் கூண்டைப் பார்த்து, உன்னை யாராவது கொண்டுபோனால் தேவலை என்று நினைத்திருக்கிறாள். ஆனால் இப்படியா? கண்ணைக் கெடுத்தவள் என்ற பெயரோடு அது வாசல் தாண்டினால், அந்தப் பேச்சு டெஸ் சாகிறவரை தீராது. அம்மாவின் ரோஜாச் செடி பட்டுப்போனதையே நாற்பது வருஷமாக விடாமல் சொல்கிறவன்.

அந்த வாரம் வெயில் நாற்பத்து நாலைத் தொட்டது. டெஸ்ஸின் பூட்டிய வீட்டுக்கு வந்த தபாலை எடுக்கப் போனவள், உள்ளே நின்றால் மூச்சு முட்டியதால் கூரைமேல் இருந்த ஏர் கூலரைப் போட்டுவிட்டாள். ஈர வைக்கோல் மணத்தோடு காற்று நடைவழியில் இறங்கியது. காற்று இறங்கும் துளைக்கு நேர் கீழே, முன்பு மேவிஸின் கூண்டு இருந்த இடத்தில், நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து தபால்களைப் பிரித்தாள். எழுந்திருக்கவே மனசில்லை. சிறிது நேரத்தில் காகிதங்கள் விறைப்பு இழந்து துணி மாதிரி தொய்ந்தன. குளியலறைக் கதவைச் சாத்தப் போனால் சாத்த முடியவில்லை, மரம் உப்பியிருந்தது. இந்த வீட்டில் பிஸ்கட் ஒருநாளும் மொறுமொறுப்பாய் இருந்ததில்லை என்பது அப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தது. அவள் வீட்டில் திறந்து வைத்த பிஸ்கட் மாதக்கணக்கில் நொறுங்கும். உதடும் அப்படித்தான் வெடிக்கும். முழங்கால் வலியோடு கூலருக்குத் தண்ணீர்க் குழாய் பார்க்கக் கூரை ஏற முடியாதென்று, இரண்டு வருஷத்துக்கு முன் அவள் ஏசி போட்டிருந்தாள். அது காற்றிலிருந்த ஈரத்தையெல்லாம் உறிஞ்சிக் குழாய் வழியே முற்றத்தில் சொட்டவிட்டுக்கொண்டிருந்தது.

எலியும் விளக்கும் சூடும் எழுதிக் கொடுத்தவனுக்குக் கூலரை எழுதத் தோன்றவில்லை. மூச்சு விடு என்று யார் எழுதுவார்கள்?

லயாலுக்குப் போன் செய்து, சட்டை உரிய ஈரம் போதவில்லை, டெஸ் வீட்டில் கூலர்தான் அதைக் கொடுத்திருக்கிறது என்றாள். அவன் சிரித்துவிட்டு, அப்படியானால் வீட்டையெல்லாம் நனைக்க வேண்டாம், ஒரு பெட்டியை நனைத்தால் போதும் என்றான். மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டி ஒன்று, பாம்பு நுழைகிற அளவுக்கு ஓட்டை, உள்ளே ஆர்க்கிட் செடிக்குப் போடும் பாசி. பாசியை ஊறவைத்துப் பிழிந்து போட வேண்டும். கூண்டின் சூடான பக்கத்தில் வைக்க வேண்டும், குளிர்ந்த பக்கத்தில் வைத்தால் ஈரத்தில் சளி பிடிக்கும். மற்றதை மேவிஸ் பார்த்துக்கொள்ளும்.

போர்வைகள் போட்டு வைத்திருந்த பெட்டியைக் காலி செய்து, அடுப்பில் காய்ச்சிய கத்தியால் ஓட்டை போட்டாள். வெட்டிய விளிம்பு பாம்பைக் கீறாமலிருக்க உப்புத்தாளால் தேய்த்தாள். முதல் தடவை பாசியைச் சரியாகப் பிழியவில்லை. அடியில் தண்ணீர் தேங்கி நாற்றம் எடுத்தது. இப்படியே விட்டால் வயிற்றுச் செதில் அழுகும். எல்லாவற்றையும் கொட்டிக் கழுவி மறுபடி நிரப்பினாள். முறுக்கிப் பிழிந்தால் ஓரிரு சொட்டு விழ வேண்டும், அதற்கு மேல் கூடாது. காலை முழுக்க ஈரத்துணி பிழிந்த மணிக்கட்டு, அந்தப் பாசியைப் பிழியும்போது விண்ணென்று தெறித்தது.

மேவிஸ் பெட்டியைச் சட்டை செய்யவில்லை. மேலே ஏறிப் படுத்தது, ஓட்டைப் பக்கம் நாக்கை நீட்டிவிட்டுத் திரும்பிப் போனது. நோலின் தினமும் கையை விட்டுப் பார்ப்பாள். பாசி ஈரமாக இருக்கும், ஆள் இருக்காது. லயால் வர வேண்டிய வாரம் நெருங்கிக்கொண்டிருந்தது.

பிறகு ஒருநாள் வேலை முடிந்து வந்தால் கூண்டு காலி. குனிந்து பார்த்தாள். பெட்டியின் ஓட்டைக்குள் தலை மட்டும் தெரிந்தது. இரண்டு கண்ணும் பால்போல் வெளுத்திருந்தன. சட்டை உரிக்கப் போகிற அறிகுறி. அதற்கப்புறம் அவள் பெட்டியைத் தொடவில்லை. ஏசியை மட்டும் அணைத்துவிட்டு, ஈரத்துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு அந்த வாரத்தை வியர்வையில் ஓட்டினாள்.

சட்டை ஒரே துண்டாகப் பாசிக்குள் கிடந்தது, உள்பக்கம் வெளியே திரும்பி, தலையிலிருந்து வால் நுனி வரை. மேவிஸ் புதுப் பெயின்ட் அடித்ததுபோல் கிளையில் சுற்றிக்கொண்டு அவளைப் பார்த்தது. வலது கண் கருமணியாய்ப் பளிச்சென்றிருந்தது.

தலையணை உறையில் சட்டையைச் சுருட்டிக்கொண்டு டெஸ்ஸிடம் போனாள். அவன் அதைத் தொடைமேல் விரித்து, தலைப்பக்கத்தை விரலால் தடவினான். இடது கண்ணில் ஒரு செதில். வலது கண்ணில் இரண்டு, ஒன்றுக்குள் ஒன்று.

"பழசும் சேந்து வந்துருக்கு."

"ஆமா."

எப்படி என்று கேட்டான். கூலரைப் பற்றிச் சொன்னாள், பெட்டியைப் பற்றிச் சொன்னாள். கேட்டுவிட்டு அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"அப்போ பதினோரு வருஷம் நான் ஒண்ணும் கிழிக்கல. கூலர்தான் வளத்துருக்கு."

ஆமாம் என்று சொல்ல அவளுக்கு வாய் வந்தது. ரோஜாச் செடிக்கும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். அவன் மடியில் செத்த கை சட்டையின் மேல் தானாகச் சரிந்து கிடந்ததைப் பார்த்தாள்.

"கூரை ஏறி அந்தக் கூலருக்குத் தண்ணி பாத்தது யாரு? அதுவா ஏறிச்சு?"

அவன் வாயின் நல்ல பாதி சிரித்தது. "சரி. லயாலை வர வேணாம்னு சொல்லிடறேன். உன்கிட்டயே இருக்கட்டும். தெரிஞ்சுக்கிட்டியே."

இதைத்தான் அவள் வரும் வழியெல்லாம் பயந்துகொண்டு வந்தாள்.

"வரச் சொல்லு," என்றாள். "எனக்கு முடியல டெஸ். துணி பிழியறேன், பாசி பிழியறேன், உன்னை வந்து பாக்கறேன். வீட்ல உக்கார சோபா இல்ல. பாம்பு நல்லா இருக்கு. நல்லா இருக்கும்போதே குடுத்துடறேன்."

அவன் சட்டையை மெல்ல மடிக்கத் தொடங்கினான். ஒரு கையால் மடிக்க வரவில்லை. அவள் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். மடித்து முடித்ததும், போனைப் போட்டுக் கொடு என்றான்.

லயாலை அழைத்து அவன் காதில் வைத்துப் பிடித்தாள். டெஸ் வார்த்தை வார்த்தையாகப் பேசினான். "வந்து எடுத்துட்டுப் போ. கண்ணு சுத்தமா இருக்கு... இல்ல, நான் இல்ல, என் தங்கச்சி. பாசி எவ்வளவு பிழியணும்னு அவகிட்ட கேட்டுக்க, உன் இஷ்டத்துக்கு ஊத்தி வைக்காத."

நோலின் போனைப் பிடித்தபடியே நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடினாள். கை கடுத்தது. அவன் இன்னும் பேசி முடிக்கவில்லை. பேசட்டும் என்று விட்டாள்.