ஓடினால் நிற்கும் தண்ணீர்

செங்கமலம் முன்பலகையை ஓங்கித் தட்டினாள். லாரி குலுங்கி நின்றது. நின்றதும், அவளைப் பொய்க்காரியாக்கவென்றே, சன்னலில் கட்டிய வெட்டிவேர்த் தட்டியின் மேல் தண்ணீர் சொட்ட ஆரம்பித்தது.

"இப்ப ஊத்துதே அக்கா," என்றான் டிரைவர் கண்ணையன், பின்கதவைத் திறந்து எட்டிப் பார்த்து.

"ஓடுறப்ப ஊத்தல தம்பி. காஞ்சு கெடந்துச்சு. தொட்டுப் பாத்துட்டுத்தான் தட்டினேன்."

இது மூன்றாவது தடவை. நாயைக் கண்டால் கல்லைக் காணோம், கல்லைக் கண்டால் நாயைக் காணோம். கண்ணையன் குழாயை ஊதினான், திருகைத் திருப்பினான், தலையைச் சொறிந்தான். பாடாலூர் தாண்டி ஒரு புளியமரம்கூட இல்லாத இடம். சித்திரை வெயில் மண்டையைப் பிளந்தது.

கட்டிலில் கிடந்தவர் அவள் புருஷன் இளையபெருமாள், தச்சர். மிராசுதார் மலைக்கு வேட்டைக்குப் போவதற்காக, இந்த லாரியின் முதுகில் கட்டிலும் அலமாரியும் சன்னலுமாக ஒரு மர வீட்டையே கட்டிக் கொடுத்தவர். கூரைமேல் தண்ணீர் டின், அதிலிருந்து தட்டிக்கு ஓட்டை போட்ட பித்தளைக் குழாய். ஈரத் தட்டி வழியாக வருகிற காற்று, வண்டி ஓட ஓடக் குளிரும். இன்று காலை திருச்சி ஆஸ்பத்திரியில், "வீட்டுக்குக் கொண்டு போங்க" என்று கைவிரித்தபோது, மிராசுதார் அந்த லாரியையே அனுப்பினார். யுத்த காலம், பெட்ரோல் கிடையாது. பின்னால் கரி அடுப்பு எரிந்து, அதிலிருந்து வரும் வாயுவில் வண்டி நகர்ந்தது. வெயில் போதாதென்று அடுப்பின் அனலும் உள்ளே வந்தது. தண்ணீர் நின்றால் அந்த மரப்பெட்டிக்குள் நல்ல உடம்புக்கே மூச்சு முட்டும்.

உயிரோடு குரும்பலூர் போய்ச் சேர வேண்டும். அவளுக்கு வேறொன்றும் வேண்டாம். வெளியில் போன உயிருக்கு வாசல் கிடையாது என்பது அவர்கள் தெருவின் கட்டு. மூன்று வருஷத்துக்கு முன் அவருடைய அண்ணன் வழியிலேயே போய்விட்டார். தெருவில், ஒரு கீற்று நிழலில் போட்டு வைத்தார்கள். ஈ மொய்த்தது. தாய் வீரம்மாள் படிக்கு உள்ளே நின்றே அழுதாள். காலையில் இளையபெருமாள் செங்கமலத்தின் கையைப் பிடித்துக்கொண்டு, "என்னயும் தெருவுல போட்டுடாத புள்ள," என்று சொல்லியிருந்தார்.

இப்போது அவர் உதடு அசைந்தது. செங்கமலம் காதைக் கொண்டுபோனாள்.

"தண்ணி எங்க புடிச்சான்?"

"வழியில குட்டையிலங்க."

"பாசி... நின்னா அடியில தங்கும். குலுங்கினா எந்திரிச்சு வாய அடைக்கும்." மூச்சு வாங்கினார். "துணி கட்டச் சொல்லு."

இத்தனை நேரம் இருவரும் மண்டையை உடைத்துக்கொண்டதற்கு, படுத்த படுக்கையாகக் கிடந்த மனுஷன் நாலு வார்த்தையில் முடித்துவிட்டார். செங்கமலம் முந்தானையில் ஒரு முழம் கிழித்துக்கொண்டு இறங்கினாள். கண்ணையன் கூரைமேல் ஏறி, டின்னுக்குள் கைவிட்டுக் குழாய் வாயில் அதைக் கட்டினான். அவள் கீழே நின்று கயிறு நீட்டினாள். வண்டியைக் கொஞ்ச தூரம் ஓட்டிப் பார்த்தார்கள். அவள் படியில் தொத்திக்கொண்டு குழாயையே பார்த்தாள். சொட்டுச் சொட்டாக, நிற்காமல் விழுந்தது. சிரிப்புகூட வந்துவிட்டது அவளுக்கு.

உள்ளே போனாள். காற்று ஜில்லென்று வந்தது. அவர் சன்னலைப் பார்த்தபடி இருந்தார். இமை ஆடவில்லை.

பக்கத்தில் இல்லாமல் போய்விட்டாளே! ஒரு குழாயைப் பார்த்துக்கொண்டு நின்றாளே! வாயில் துணியை அடைத்துக்கொண்டு அழுதாள். பிறகு அவர் கண்ணை மூடி, முகத்தைத் துடைத்துவிட்டாள்.

கண்ணையன் வந்து பார்த்தான். தலைத்துண்டை அவிழ்த்தான். மரச்சுவரைத் தொட்டு, "இதுவும் வூடுதான அக்கா, அவரு கையால கட்டினது," என்றான்.

"ஊரு ஒத்துக்காது தம்பி."

"என்ன செய்யலாங்க?"

"நீ ஒண்ணும் பாக்கல. வண்டிய எடு."

அவன் கதவைச் சாத்தினான். பெரம்பலூர் தாண்டும்வரை அவள் அவர் நெஞ்சில் கையை வைத்தே உட்கார்ந்திருந்தாள்.

குரும்பலூரில் தெருவே கூடி நின்றது. பங்காளிகளில் மூத்தவரான வைரக்கண்ணு முன்னால் வந்தார்.

"உசிரு இருக்கா?"

"இருக்கு மாமா. வழி விடுங்க."

வைரக்கண்ணு, இறக்கிக்கொண்டிருந்த இளையபெருமாளின் பாதத்தைத் தொட்டார். "ஒடம்பு சில்லுனு இருக்கே?"

"தட்டி நல்லா வேல செஞ்சுது மாமா. வழி பூரா குளுந்த காத்து."

கண்ணையன் தலைமாட்டைப் பிடித்துக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல், "ஆமாங்க," என்றான். வைரக்கண்ணு ஒரு கணம் நின்றார். பிறகு நகர்ந்து கொடுத்தார். வாசற்படி தாண்டி, கூடத்தில் கொண்டுபோய்ப் படுக்க வைத்தார்கள்.

வீரம்மாள் பாலாடைச் சங்கில் பாலோடு வந்து மகன் தலையை மடியில் எடுத்துக்கொண்டாள். ஊற்றினாள். பால் கடைவாயில் வழிந்து காதுப்பக்கம் ஓடியது. செங்கமலம் சட்டென்று கிழிந்த முந்தானையால் துடைத்தாள்.

"எறங்கிச்சா?" என்றார் வாசலிலிருந்து வைரக்கண்ணு.

வீரம்மாள் மகனின் தொண்டையை விரலால் மெல்லத் தடவினாள். கை அங்கேயே நின்றது. அவள் மருமகளை நிமிர்ந்து பார்த்தாள்.

"எறங்குது," என்று சொல்லிவிட்டு, பாலாடையை மறுபடி அவன் வாயில் வைத்தாள்.