அக்கா வடிகட்டிய தண்ணீர்

சுரங்கத் தண்ணீரை வயல்களில் விடுவதற்கு ஆட்சேபணை கொடுக்க அன்று மாலை ஐந்து மணிதான் கடைசி. அக்கா பதினொரு மணிக்கே தாலுகா அலுவலக மேசையில் மனுவையும் பாட்டிலையும் வைத்துவிட்டாள். நான் தெரிந்தவர்கள் கண்ணில் படாமல் அவள் முதுகுக்குப் பின்னால் நின்றேன். அந்தச் சுரங்கத்தில் பம்பு ஓட்டுகிறவன் நான். அவள் வயலில் நிற்பது நான் சுவிட்சைத் தட்டி மேலே ஏற்றிய தண்ணீர்.

குமாஸ்தா பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"பளிங்கு மாதிரி இருக்கேம்மா. இதுக்கு என்ன ஆட்சேபணை?"

அக்கா முழித்தாள். நானும்தான். வயலில் அது துரு நிறத்தில் நிற்கிறது. சோளம் முழங்கால் உயரத்திலேயே கருகிவிட்டது.

"இத எங்க புடிச்சக்கா?" என்றேன்.

"குழாய் வாயிலதான்டா. துணிய நாலா மடிச்சு வடிகட்டிப் புடிச்சேன்."

"வடிகட்டினியா!"

"பின்ன? நாலு பேர் உக்கார்ற எடத்துல அழுக்குத் தண்ணியக் கொண்டாந்து வைக்கவா?"

"நல்லவேளை, காய்ச்சி ஆறவச்சுக் கொண்டு வரல" என்றார் குமாஸ்தா.

ஊருக்கு அடுத்த பஸ் ஐந்தேகாலுக்குத்தான்; திரும்பிப் போய்ப் பிடித்துவர வழியில்லை. பம்பு அறையில் பார்த்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது. வாளியில் தெளிவாகப் பிடிக்கிற தண்ணீர் வேலை முடிவதற்குள் சிவந்துவிடும். ஏன் என்று யாரும் சொன்னதில்லை. குமாஸ்தாவிடம் ஒரு கண்ணாடி டம்ளர் வாங்கிப் பாதித் தண்ணீரை ஊற்றித் திறந்து வைத்தேன்.

மூன்று மணிக்கு மஞ்சள் தட்டியது. நாலரைக்கு ஆறிப்போன டீ மாதிரி ஆகிவிட்டது.

"இதுல என்னய்யா போட்ட?"

"நான் ஒண்ணும் போடல சார். காத்து பட்டா இப்படித்தான் ஆவும். பம்பு ரூம்ல தெனம் பாக்குறேன்." சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"ஓ, அங்கயா வேலை? சுத்தம் பண்ணித்தான விடுறாங்க?"

"அதுக்குத் தொட்டி இருக்கு சார். அதுல சிமெண்டு மூட்டை அடுக்கி வச்சிருக்காங்க."

அவர் ஒரு தாளை என் பக்கம் தள்ளினார். "இதை எழுதிக் கையெழுத்துப் போடு. வெறும் பாட்டில வச்சு ஒண்ணும் நடக்காது."

பேனாவை எடுத்தேன். கையெழுத்துப் போட்டால் வேலை போகும். பம்பையே நிறுத்தச் சொல்லிவிட்டால்? ஒரு மணி நேரம் நின்றாலே கீழே சுரங்கத்தில் தண்ணீர் இடுப்பளவு ஏறிவிடும். அக்கா வீட்டுக்காரர் இப்போது கீழேதான் வேலையில் இருக்கிறார்.

"மாமா உள்ள இருக்காருக்கா."

"பம்ப நிறுத்தச் சொல்லி எவடா எழுதினா? தொட்டியில விடத்தான சொல்றேன்."

"அவங்க எதைப் பண்ணுவாங்களோ. போடவா, வேணாமா?"

"என்னக் கேட்டா? உன் சோறு அங்க, என் சோறு வயல்ல, அவரு உசுரு கீழ. எனக்கு மட்டும் என்னடா தெரியும்?"

ஐந்துக்கு ஆறு நிமிடம் இருந்தது. சிமெண்டு மூட்டையை எழுதினேன். கையெழுத்தும் போட்டேன். தைரியத்தில் போட்டேனா, அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் போட்டேனா, தெரியவில்லை. ஆறு மணிக்குப் பகல் ஆள் போனதும் நான்தான் மறுபடி பம்பை ஓட்ட வேண்டும்.

குமாஸ்தா முத்திரை குத்தினார். பாட்டிலை மூடி அரக்கு வைத்தார்.

அக்கா டம்ளரைக் கையில் எடுத்தாள். "இத எங்க சார் ஊத்துறது?"

அவர் ஜன்னலோரத்துப் பூந்தொட்டியைக் காட்டினார். உடனே கையை ஆட்டினார்.

"வேணாம் வேணாம், அதுல ஊத்தாத."

அக்கா டம்ளரோடு என்னைப் பார்த்தாள்.