என் துண்டைப் பிடித்தவர்

எங்கள் ஊரில் ஒரு பொய்யை நம்பினால் கால் தரையை விட்டுக் கிளம்பிவிடும். அரைகுறையாக நம்பினால் இரண்டு விரல் உயரம். முழுதாக நம்பினால் ஓர் ஆள் உயரமும் அதற்கு மேலும். கோவில்பட்டிக்குப் புதிதாக வருகிறவர்கள், கடைத்தெரு நெடுகத் தலைக்கு மேலே ஓடும் இரும்புக் குழாயைப் பார்த்துவிட்டுத் துணி காயப்போடுவதற்கு என்று நினைத்துக்கொள்வார்கள். அது பிடித்துக்கொண்டு போவதற்கு.

எந்த நேரத்தில் பார்த்தாலும் ஊரில் பத்துப் பேராவது அந்தக் குழாயைப் பிடித்தபடி போய்க்கொண்டிருப்பார்கள். வெங்காயச் சாறு குடித்தால் சர்க்கரை நோய் அடியோடு போய்விடும் என்று செல்போனில் செய்தி சுற்றிய வாரம், எங்கள் தெருவில் பாதிப் பேர் ஜன்னல் உயரத்தில் இருந்தார்கள். அது தவறு என்று மறுசெய்தி வந்தது. சிலர் இறங்கினார்கள். சிலர் இன்னும் ஏறினார்கள்.

மிதக்கிறவரிடம் "நீங்கள் நம்புவது பொய்" என்று சொல்லக் கூடாது. சொன்னால் ஒரு முழம் கூடும். அதனால் பார்க்காதது போல விலகி வழிவிடுவதுதான் எங்கள் ஊர் மரியாதை. குழாய் இல்லாத வெட்டவெளியில் கையை விட்டுவிட்டால் மேலே போக வேண்டியதுதான். போனவர்களில் திரும்பி வந்தவர்களும் உண்டு. வராதவர்களே அதிகம்.

நான் புறவழிச்சாலையில் லாரிகளுக்கான எடைமேடை வைத்திருக்கிறேன். இருபத்தாறு வருடமாக என் கால் தரையில்தான் இருந்தது. வெங்காயச் சாற்றுக்குக்கூட நான் கிளம்பவில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

போன ஆனி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, பதினொரு மணி இருக்கும். பருத்திப் பொதி ஏற்றிய லாரி ஒன்று மேடையில் நின்றது. செல்போன் அடித்தது. தெரியாத எண்.

"அய்யலுசாமி சாரா?" என்றது ஓர் ஆண் குரல். நிதானமான, படித்த குரல். "கௌசல்யா உங்க மகள்தானே? புனேயில வேலை பார்க்கிறாங்க?"

ஆமாம் என்றேன். கௌசல்யா அங்கே கார் உதிரிபாகம் செய்கிற கம்பெனியில் தரம் பார்க்கிற வேலையில் இருக்கிறாள். எங்களுக்கு ஒரே பிள்ளை.

தான் புனேயில் போலீஸ் அதிகாரி என்றார் அவர். என் மகள் தங்கியிருக்கும் அறையில் தவறான பொருள் சிக்கியிருக்கிறது, அவளோடு சேர்த்து மூன்று பெண்கள் ஸ்டேஷனில் இருக்கிறார்கள், இன்னும் ஒரு மணி நேரத்தில் கோர்ட்டுக்குக் கொண்டுபோய்விட்டால் அவள் வாழ்க்கை அவ்வளவுதான் என்றார். அதற்குமுன் ஒரு தொகை கட்டினால் பெயரை எடுத்துவிடலாமாம்.

"பேசுங்க" என்று யாரிடமோ போனைக் கொடுத்தார்.

"அப்பா" என்று அழுதது என் மகள் குரல். "என்னைக் காப்பாத்துங்கப்பா. அம்மாகிட்ட சொல்லாதீங்க. யார்கிட்டயும் சொல்லாதீங்க."

அவள் குரல்தான். மூக்கடைத்தால் வருகிற அந்தக் கரகரப்பு உட்பட. நான் நாற்காலியை விட்டு எழுந்தேன். எழுந்த பிறகு நாற்காலி கீழே போய்க்கொண்டே இருந்தது. தலைக்கு மேலே மின்விசிறி ஓடியதால் முதலில் கையை நீட்டிச் சுவிட்சை அணைத்தேன்.

"லைனைக் கட் பண்ணாதீங்க" என்றார் அந்த அதிகாரி. "போனைச் சட்டைப் பையில போட்டுக்கிட்டு பேங்குக்குப் போங்க. யாராவது கேட்டா சொந்த வேலைன்னு சொல்லுங்க."

லாரி டிரைவர் அறைக்குள் எட்டிப் பார்த்தார். நான் கூரையோடு இருப்பதைக் கண்டதும் பார்வையைத் தாழ்த்திக்கொண்டு, "நான் பிறகு வாரேன் அண்ணாச்சி" என்று போய்விட்டார். நல்ல மனிதர்.

நிலைப்படியைப் பிடித்துக் குனிந்து வெளியே வந்தேன். எடைமேடை வாசலிலிருந்து டீக்கடை வரை மதில் இருக்கிறது. அதன் உச்சியைத் தொட்டுத் தொட்டு நகர்ந்தேன். டீக்கடையில் இதற்கென்றே செங்கல் அடுக்கி வைத்திருப்பார்கள். கடைக்காரர் ஒன்றும் கேட்காமல் ஒரு துணிப்பையில் நாலு செங்கலைப் போட்டு நீட்டினார். தோளில் மாட்டியதும் முக்கால் அடி இறங்கினேன். அங்கிருந்து குழாய் தொடங்கியது. என் செருப்பு இரண்டும் வழியில் எங்கோ கழன்று விழுந்துவிட்டன.

தெருவில் எதிரே வந்தவர்கள் எல்லாரும் எனக்குத் தெரிந்தவர்கள். எல்லாரும் விலகி வழிவிட்டார்கள். அவர்களில் ஒருவராவது என் காலைப் பிடித்து இழுக்கக் கூடாதா என்று ஒரு நொடி நினைத்தேன். ஆனால் நானும் இருபத்தாறு வருடமாக யார் காலையும் பிடித்து இழுத்ததில்லை.

சட்டைப் பையிலிருந்து குரல் வந்துகொண்டே இருந்தது. "எங்க வந்துட்டீங்க? சீக்கிரம். இன்னும் நாப்பது நிமிஷம்தான்." நடுநடுவே என் மகள் அழுதாள். அவள் அழும்போதெல்லாம் செங்கல் பை இலேசானது.

பேருந்து நிறுத்தத்தோடு குழாய் முடிந்துவிடும். அங்கிருந்து பேங்கு வாசல் வரை வெறும் தார்ச்சாலை. காற்று அதிகமில்லை. ஒரே தாவலில் போய்விடலாம் என்று கணக்குப் போட்டுக் கையை விட்டேன். விட்டதும் பக்கவாட்டில் போகாமல் நேரே மேலே போனேன். நிறுத்தத்தில் நின்றிருந்த பேருந்தின் கூரை தெரிந்தது. அதில் யாரோ போட்டுவைத்த ஒரு ஸ்டெப்னி டயரும், உலர்ந்த பூமாலை ஒன்றும் கிடந்தன.

அப்போது கழுத்தைச் சுற்றிப் போட்டிருந்த துண்டு இறுகியது. அதன் மறுமுனையை யாரோ எட்டிப் பிடித்திருந்தார்கள்.

நிறுத்தத்துச் சிமெண்டு பெஞ்சின் மேல் ஏறி நின்றபடி ஒரு பெண் என்னைப் பிடித்துக்கொண்டிருந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். தீப்பெட்டி ஆபீசில் வேலை செய்கிறவர் என்பது விரல் நுனியில் ஒட்டியிருந்த பசையிலேயே தெரிந்தது. அவர் பெயர் எஸ்தர் கனி என்பது எனக்குப் பிறகுதான் தெரியும்.

"அண்ணாச்சி, எங்க போறீக?" என்றார், பக்கத்தில் நடந்து போகிறவரிடம் கேட்பது போல.

"சொந்த வேலை" என்றேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. "நா பிட்ட, நா பிட்ட" என்று வாய் தானாகச் சொன்னது. என் பிள்ளை, என் பிள்ளை என்று அர்த்தம். நாங்கள் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள்.

"யாரு பக்கத்துல?" என்றது பையிலிருந்த குரல். "யார்கிட்டயும் பேசாதீங்க சார்."

எஸ்தர் அந்தக் குரலைக் கேட்டார். துண்டை மணிக்கட்டில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டார்.

"வீட்ல தெலுங்காண்ணாச்சி?"

"ஆமா தாயி."

"மகளும் தெலுங்குதான் பேசுமா?"

"எங்கிட்ட வேற பேச்சுப் பேசமாட்டா."

"அந்தப் பிள்ளை உங்கள என்னன்னு கூப்பிடும்?"

"நாய்னா."

"இப்ப போன்ல அழுதப்ப என்ன சொல்லுச்சு?"

நான் யோசித்தேன். யோசிக்க நேரம் பிடித்தது. அவர் அவசரப்படுத்தவில்லை. காலையிலிருந்து என்னை அவசரப்படுத்தாமல் பேசிய முதல் ஆள் அவர்தான்.

"அப்பான்னா" என்றேன். "காப்பாத்துங்கப்பான்னா."

அதைச் சொன்னதும் ஒரு சாண் இறங்கினேன். எஸ்தர் அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

உடனே பையிலிருந்து அழுகை எழுந்தது. "அப்பா, என்னை அடிக்கிறாங்கப்பா." நான் ஒரு முழம் ஏறினேன். துண்டு அவர் கையில் வழுக்கியது. தோளிலிருந்த செங்கல் பை நழுவிக் கீழே விழுந்தது. இன்னும் ஏறினேன். அவர் பெஞ்சின் மேல் நுனிக்காலில் நின்றார். ஆனால் அவர் கால் பெஞ்சை விட்டுக் கிளம்பவில்லை.

நிறுத்தத்தில் நின்றிருந்ததுதான் அவர் போக வேண்டிய சாத்தூர் பேருந்து. கண்டக்டர் விசில் ஊதிவிட்டு, "ஏறலயா?" என்று கேட்டார்.

"நீங்க போங்க" என்றார் எஸ்தர். அண்ணாந்து என்னிடம், "மகளுக்கு ஒரு போன் போட்டீகளா?" என்றார்.

"லைன கட் பண்ணக்கூடாதுங்காங்க."

"கட் பண்ணாதீக. அது பாட்டுக்கு இருக்கட்டும். நம்பரச் சொல்லுங்க, என் போன்ல போடுதேன்."

எண் எனக்கு மனப்பாடம். எடைமேடைக்காரனுக்கு எண் மறக்காது. நான் மேலிருந்து ஒவ்வொன்றாகச் சொல்ல, அவர் ஒரு கையில் துண்டும் மறு கையில் போனுமாக, கட்டைவிரலால் ஒவ்வொன்றாக அழுத்தினார். ஸ்பீக்கரில் போட்டு உயர்த்திப் பிடித்தார்.

மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. அந்த நேரம் எவ்வளவு என்று என்னால் சொல்ல முடியாது. இந்தத் துண்டு கிழிந்தால் என் மகளை இனிமேல் பார்க்க முடியாது என்று நினைத்தேன். ரங்கநாயகி, என் மனைவி, காலையில் இட்லிக்கு அரைக்கப் போட்டதை எடுத்திருப்பாளா என்றும் நினைத்தேன்.

"ஹலோ?" என்றாள் கௌசல்யா. பின்னால் தட்டுச் சத்தம், ஆட்கள் பேசும் சத்தம்.

"அம்மாயி" என்றேன், வீட்டில் மகளைக் கூப்பிடுவது போல.

"நாய்னா? இது யாரு நம்பரு?" என்று தெலுங்கில் கேட்டாள். "நான் கேன்டீன்ல இருக்கேன். நீ சாப்டியா?"

சாப்பிடவில்லை என்றேன்.

முதலில் வலது கால் பட்டது. பிறகு இடது. உச்சிவெயிலில் தார்ச்சாலை கொதித்தது. வெறுங்காலில் அந்தச் சூடு முழங்கால் வரை ஏறியது. நான் அதை மாற்றி மாற்றி மிதித்தேன். அவ்வளவு நல்ல தரையை நான் அதுவரை மிதித்ததில்லை.

சட்டைப் பையிலிருந்த குரல், "சார், சார்" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தது. எஸ்தர் என் போனை வாங்கிக் காதில் வைத்து, "அண்ணாச்சி தரையில நிக்காக. நீங்க வச்சிருங்க" என்றார். மறுமுனையில் வைத்துவிட்டார்கள்.

அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தே சைபர் போலீசுக்குச் சொன்னோம். போனை எடுத்த பெண், எனக்கு அழைப்பு வந்த எண்ணைக் குறித்துக்கொண்டார். குரலை இப்போது கம்ப்யூட்டரிலேயே செய்துவிடுகிறார்கள் என்றார். பணம் ஏதாவது கட்டினீர்களா என்று கேட்டார். இல்லை என்றேன். எவ்வளவு உயரம் என்று கேட்டார். பேருந்துக் கூரைக்கு மேலே இரண்டடி என்றேன். "பக்கத்தில் ஆள் இருந்தார்களா?" என்றார். இருந்தார் என்றேன். "அதிர்ஷ்டம்தான்" என்று அதையும் எழுதிக்கொண்டார்.

அடுத்த சாத்தூர் பேருந்துக்கு முக்கால் மணி நேரம் இருந்தது. எஸ்தர் தன் தூக்குவாளியிலிருந்து எனக்குத் தண்ணீர் கொடுத்தார். துண்டு இறுக்கியதில் அவர் மணிக்கட்டு சிவந்து வீங்கியிருந்தது.

"எப்படி தாயி உங்களுக்கு இப்படிக் கேட்கத் தோணுச்சு?" என்றேன்.

அவர் மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே சொன்னார். "எங்க வீட்டுக்காரருக்கு மலேசியாவுல வேலைன்னு ஒருத்தன் சொன்னான். சீட்டெல்லாம் காமிச்சான். நான் பொய்யி, பொய்யின்னு சொன்னேன். நாலு தடவ சொன்னேன். ஒவ்வொரு தடவையும் ஏறிட்டே போனாரு. அஞ்சாவது தடவ சொல்லுதப்ப அவருக்குக் கேக்கல."

நான் தூக்குவாளியை மூடி அவரிடம் நீட்டினேன்.

"ஒரு கேள்வி கேட்டிருக்கலாம்" என்றார். "கம்பெனிக்கு நேரா ஒரு போன் போட்டுப் பாப்பமாங்கன்னு. அம்புட்டுதான். பிறகுதான் தோணுச்சு." ஓட்டப்பிடாரம் பக்கம் பருத்திக்காட்டுக்கு மேலே அவரைப் பார்த்ததாகச் சிலர் சொன்னார்களாம். முன்னைக்கு மெலிந்திருக்கிறாராம்.

பேருந்து வந்ததும் எழுந்தார். "வெளியில சொல்லிராதீங்க தாயி" என்றேன். சொன்ன பிறகு வெட்கமாக இருந்தது.

"என்னத்தச் சொல்ல? ஒரு அண்ணாச்சி துண்டப் பிடிச்சேன்" என்று ஏறிப் போனார்.

வீட்டுக்குப் போய் ரங்கநாயகியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் என் பாதங்களைத் தொட்டுப் பார்த்தாள். கொப்புளத்துக்கு மஞ்சள் வைத்தாள். பிறகு மகளுக்குப் போன் போட்டு, அன்றைக்கு மட்டும் ஏழு தடவை பேசினாள். இப்போது எங்கள் மூவருக்கும் மட்டும் தெரிந்த ஒரு சொல் உண்டு. அவசரம் என்று யார் கூப்பிட்டாலும் முதலில் அந்தச் சொல்லைக் கேட்போம். அதை இங்கே எழுத முடியாது.

எஸ்தர் யாரிடமும் சொல்லவில்லை. நான்தான் எல்லாரிடமும் சொல்கிறேன். லாரி ஏறி நிற்கிற நேரத்தில் டிரைவர்களிடம் சொல்கிறேன். குழாயைப் பிடித்துக்கொண்டு யாராவது வந்தால் இப்போதெல்லாம் நான் வழிவிடுவதில்லை. வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு, எங்கே போகிறீர்கள் என்று கேட்கிறேன். சிலர் திட்டுகிறார்கள். போன வாரம் ஒரு தலைமையாசிரியர், கார் பரிசு விழுந்திருப்பதாக நம்பி வந்தவர், நான் கேட்ட மூன்றாவது கேள்வியில் இறங்கி என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் இருவரும் டீ குடித்தோம்.

நன்றி சொல்லாமல் இருப்பது எனக்கும் ரங்கநாயகிக்கும் உறுத்திக்கொண்டே இருந்தது. தீப்பெட்டி ஆபீசில் விசாரித்து விலாசம் வாங்கி, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு கிலோ கடலை மிட்டாயும் ஒரு புடவையும் எடுத்துக்கொண்டு புறப்பட்டோம். ரயில்வே கேட்டுக்கு அந்தப்பக்கம், மாதாகோயிலை ஒட்டிய மூன்றாவது தெரு.

போய்ப் பார்த்தால் தெரு இல்லை. இரண்டாவது தெருவும் நான்காவது தெருவும் இருந்தன. நடுவில் வெறும் மண். சாக்கடை இருந்த தடம் மட்டும் ஈரமாக இருந்தது.

இரண்டாவது தெருவில் துணி துவைத்துக்கொண்டிருந்த அம்மாவிடம் கேட்டோம். "சாத்தூர்ல ஒரு காதுகுத்து. தெருவோட போயிருக்கு" என்றார். "சாயங்காலம் வந்துரும். இருங்க." சொந்தக்காரர் வீட்டு விசேஷம் என்றால் எங்கள் ஊரில் சில தெருக்கள் வீடுகளோடு எழுந்து போய்விட்டுத் திரும்பும்.

வேப்பமர நிழலில் துண்டை விரித்து உட்கார்ந்தோம். ரங்கநாயகி மிட்டாய்ப் பெட்டியை எறும்பு ஏறாமல் மடியில் வைத்துக்கொண்டாள். வெயில் தாழ்ந்தது. ஐந்தரை மணிக்குத் தெருவின் தண்ணீர்க் குழாயடி வந்தது. அதன் பின்னால் மின்கம்பம் இரண்டும் வந்து தத்தம் இடத்தில் நின்றன. பிறகு வீடுகள் ஒவ்வொன்றாக, சந்தனமும் பன்னீரும் மணக்க, மெதுவாக உள்ளே வந்தன. எஸ்தர் வீடு ஆறாவது என்று அந்த அம்மா சொன்னார். நாங்கள் எழுந்து, உடையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு, எண்ணத் தொடங்கினோம்.